எழுந்து போனபிறகு வரும் எழுத்து

யார் என்ன கோளாறு என்று வந்து சொன்னாலும் எங்கள் மாடியில் குடியிருந்தவர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"அதுக்கு முன்னால என்ன செஞ்சீங்க?"

மிக்ஸி ஓடவில்லை என்று நான் சொன்னாலும் அதே கேள்வி. பக்கத்து வீட்டு இசக்கியம்மா, "அண்ணாச்சி, நெஞ்சக் கரிக்குது" என்றாலும் அதே கேள்வி. "ஒண்ணும் செய்யலியே" என்றாள் அவள். "ஒண்ணும் செய்யலன்னு சொல்லுதவங்கதான் என்னமோ செஞ்சிருப்பாங்க" என்று சிரித்தார். சாயங்காலம் நாலு பஜ்ஜி தின்றதை அவள் அப்புறம் ஒத்துக்கொண்டாள்.

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. மொட்டை மாடியில் ஒற்றை அறை. அருவிச் சீசனுக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு விடலாம் என்று என் வீட்டுக்காரர் கட்டியது. அவர் காலமானபிறகு, முன்பின் தெரியாதவர்கள் உடம்பெல்லாம் எண்ணெயோடு ஏறி இறங்குவது எனக்குக் கூச்சமாக இருந்தது. மரக்கடையில் பில் போடுகிற ஒருத்தர், தனி ஆள், சத்தம் கித்தம் இல்லாதவர் என்று இசக்கியம்மாதான் கூட்டிவந்தாள். பன்னிரண்டு வருஷம் இருந்தார். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். என்னைவிட எட்டு வயது இளையவர் என்பது ரொம்ப நாள் கழித்து அவருடைய ரேஷன் கார்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் முதல் நாளிலிருந்தே என்னை அக்கா என்றுதான் சொன்னார்.

மரக்கடை வேலை நாலரைக்கு முடியும். ஐந்து மணிக்கு அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அதில் ஒரு குழுமம் இருந்தது. கம்ப்யூட்டர் கெட்டுப்போனவர்கள் அங்கே வந்து தமிழில் எழுதிக் கேட்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கேட்பார்கள், துபாயிலிருந்து கேட்பார்கள், இங்கே கீழப்பாவூரிலிருந்தும் கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். கூலி கிடையாது, லாபம் கிடையாது, ஒருத்தருக்கொருத்தர் முகமும் தெரியாது. எனக்கு இது முதலில் பிடிபடவே இல்லை.

"இவுகளுக்கு நீங்க எதுக்கு அண்ணாச்சி பதில் சொல்லணும்?"

"கேட்டுட்டு வாசல்ல நிக்காக அக்கா. நாம உள்ள உக்காந்து சாப்பிட்டா சோறு இறங்குமா?"

இறங்காதுதான் போல. காப்பி ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். ஒரு கார்த்திகை மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மதுரையில் ஒரு பெண்பிள்ளை, பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்ப மறுநாள்தான் கடைசி, கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்று முந்தின நாள் எழுதியிருந்தாளாம். இவர் பாதி பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது. குடை வளைந்து போகிற காற்றில் பஸ் ஏறித் தென்காசி போய், ஏதோ கடையில் உட்கார்ந்து மிச்சப் பதிலை எழுதிவிட்டு, தொப்பலாக நனைந்து வந்தார். அந்தப் பெண் விண்ணப்பம் அனுப்பினாளா என்று கேட்டேன். "அனுப்பிட்டேன்னு எழுதியிருக்கு" என்றார். தலையைத் துவட்டக்கூட இல்லை, அப்படி ஒரு சந்தோஷம்.

பதிலை எழுதினதும் அனுப்பிவிட மாட்டார். நான் அந்த நேரத்துக்குத் துணி எடுக்க மாடிக்குப் போவேன். ஜன்னல் வழியாகக் கூப்பிடுவார். நான் அறைக்குள் போனதில்லை. கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் உள்ளே இருந்து படிப்பார்.

"மொதல்ல கரண்ட நிப்பாட்டுங்க. கம்ப்யூட்டருக்குப் பின்னால இருக்க வயரக் கழத்துங்க. பவர் பட்டன முப்பது எண்ணுத வரைக்கும் அமுக்கிப் பிடிங்க. புரியுதா அக்கா?"

"பின்னால எத்தன வயரு இருக்கும்?"

"நாலஞ்சு இருக்கும்."

"அதுல எத?"

நெற்றியில் அடித்துக்கொள்வார். "பாத்தீங்களா! கறுப்பு, தடிச்சது, மூணு கால் உள்ளது. எழுதவே இல்ல. கம்ப்யூட்டர் படிச்சவன் ஆறு பேரு படிச்சாலும் இதக் கேக்க மாட்டான் அக்கா. எந்த வயருன்னு அவனுக்கு முந்தியே தெரியும்லா."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. அதனால்தான் நான் வேண்டும் என்பார். எனக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும். அப்படி எத்தனை பதில் என் காதில் விழுந்திருக்கும் என்று கணக்கில்லை. நான் தலையாட்டினபிறகுதான் அனுப்புவார். பதிலுக்கு அடியில் 'அக்கா பார்த்தாச்சு' என்று ஒரு வரி போடுவாராம். அது எனக்கு அப்போது தெரியாது.

தெரிந்தது ஒரு ஆடி மாதம். குழுமத்துக்காரர்கள் குற்றாலத்தில் கூடுவது என்று முடிவு செய்து பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. நேரில் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் தடவை. குழுமத்தில் வைத்திருந்த பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். வழுக்கைத் தலையும் கைத்தடியுமாக ஒருத்தர், அவர் பேர் மின்னல். குட்டையாக, தொந்தியோடு ஒருத்தர், அவர் பேர் ஒட்டகச்சிவிங்கி.

"யோவ் மின்னலு, கொஞ்சம் வேகமா நடயும். அருவி தண்ணி தீந்துரும்."

"ஒட்டகம், நீரு குனிஞ்சு வாரும். எங்க வீட்டு வாசல் நிலை தாழ்வு" என்று எங்கள் அண்ணாச்சியும் அவர்களோடு சேர்ந்துகொண்டு கேலி பேசினார். அவர் கேலி பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, நான் வைத்த புளிச்சாதத்தை மாடியில் வட்டமாக உட்கார்ந்து தின்றார்கள். 'அக்கா பார்த்தாச்சு' அக்கா யார், காட்டுங்கள் என்று ஒரே சத்தம். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மின்னல் படி இறங்கி வந்து கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டார். "எங்க ஆளு பதிலுக்கெல்லாம் மார்க்கு போட்டது நீங்கதானா தாயி?" எனக்கு வியர்த்துவிட்டது. கையில் இருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்த வருஷம் ஐந்து பேர் வந்தார்கள். அதற்கடுத்த வருஷம் மின்னல் மட்டும். இரண்டு பேரும் அருவிக்குப் போய்விட்டு அதிகம் பேசாமல் திரும்பி வந்தார்கள். பின்னே ஒரு வருஷம் இவர் தனியாகப் போய்விட்டு ஈரத் துண்டோடு வந்தார்.

"யாரும் வந்தாகளா அண்ணாச்சி?"

"ஆறு பேரு வாரதாச் சொல்லியிருந்தாக" என்றார்.

குழுமத்திலும் அப்படித்தான். பதில் சொல்கிறவர்கள் ஒவ்வொருத்தராக வராமல் போனார்கள். மின்னலுக்குக் கண்ணில் திரை விழுந்தது. ஒட்டகச்சிவிங்கி போன் குரூப்புகளுக்குப் போய்விட்டார். அப்புறம் கேட்கிறவர்களும் குறைந்தார்கள். ஒரு நாளைக்கு முப்பது கேள்வி வந்த இடத்தில் வாரத்துக்கு ஒன்று வந்தது.

"எல்லாருக்கும் கம்ப்யூட்டர் நல்லா ஓடுதோ?" என்று கேட்டேன்.

"கெடத்தான் செய்யுது. வீடியோவுல பாத்துக்கிடுதாக. இப்பம் கேட்ட ஒடனே போனே பதில் சொல்லிருதுல்லா."

"நல்லதுதான?"

"நல்லதுதான்" என்றார். துணியோடு நான் படிக்குத் திரும்பும்போது ஜன்னலுக்குள் இருந்து சத்தம் வந்தது. "நாளைக்கி வந்து சரியாச்சான்னு அது கேக்குமா அக்கா?"

கேள்வி அறவே நின்றபிறகு அவர் ஒரு காரியம் செய்தார். குழுமத்தில் பழைய கேள்விகள் எல்லாம் அழியாமல் இருக்குமாம். அதில் யாரும் பதில் சொல்லாமல் விட்டவற்றைத் தேடி எடுத்துப் பதில் எழுத ஆரம்பித்தார். என்னையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். ஒன்று எட்டு வருஷத்துக்கு முந்தினது.

"அவரு இன்னுமா காத்துக்கிட்டு இருப்பாரு? அந்தக் கம்ப்யூட்டரே இருக்காதே."

"போயிட்டாரா நிக்காரான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பயமாக இருந்தது. ஆள் இல்லாத வீட்டுக்குத் தினமும் தபால் போடுவது மாதிரி. அந்தப் பழைய கேள்விகளும் தீர்ந்தன. அப்புறம் ஐந்து மணிக்கு உட்காருவார், ஏழு மணிக்கு எழுந்திருப்பார். நடுவில் ஒன்றும் இல்லை. சாரல் ஈரத்துக்குக் கம்ப்யூட்டர் கெடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருப்பார். அந்த வெளிச்சத்தில் நாலு நாள் தாடியோடு அவர் முகம் ஜன்னலில் தெரியும். நான் கொடுத்த குழம்பு அப்படியே திரும்பி வரும்.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் செல்வி கோயம்புத்தூரில் இருக்கிறாள். சித்திரை லீவுக்கு வந்திருந்தபோது அவளிடம் என் போனை நீட்டினேன். "ஏட்டி, அண்ணாச்சி குரூப்புல எனக்கு ஒரு பேரு போட்டுத் தா."

"ஒனக்கு எதுக்கும்மா?"

"சும்மா பாக்கத்தான். என் பேரு வேண்டாம்."

"பின்ன என்ன பேரு போட?"

தெருவில் பூக்காரி கூவிக்கொண்டு போனாள். "மல்லிகான்னு போடு" என்றேன்.

போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று செல்வி காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, கம்ப்யூட்டர் திறக்க ரொம்ப நேரம் ஆகிறது என்று சொன்னேன். எத்தனையோ பேர் அவரிடம் கேட்டு என் காதில் விழுந்ததுதான் அது. புதிதாக நான் என்னத்தைக் கண்டேன்!

அன்று சாயங்காலம் நான் மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. "அக்கா! ஒரு அம்மா வந்திருக்காங்க!" வீட்டுக்கு விருந்தாள் வந்தது மாதிரி சொன்னார். மறுநாள் முகச்சவரம் பண்ணியிருந்தார். குழம்புச் சட்டி காலியாக வந்தது.

அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு கேள்வி கேட்டேன். கீழே கேள்வி கேட்டுவிட்டு, மேலே போய்க் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதற்கான பதிலைக் கேட்டு, "புரியுது அண்ணாச்சி" என்பேன். நாலு மாதம் அப்படி ஓடிற்று. ஒரு நாள் அவர் பதிலைப் படிக்கும்போது குரலில் உயிர் இல்லை.

"இந்த மல்லிகாம்மா கேக்கதெல்லாம் முந்தியே வந்த கேள்வி அக்கா. தேடினாலே கெடைக்கும். அதுக்கு நான் வேணும்னு இல்ல."

அது எனக்குச் சுருக்கென்றது. இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். எப்படித் தோன்றிற்று என்று எனக்கே தெரியவில்லை. தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். போனை எடுத்துச் சொன்னேன். நான் உட்கார்ந்து அடிக்கும்போது திரையில் ஒரு எழுத்தும் வருவதில்லை. எழுந்து போனபிறகு எல்லாம் வருகிறது.

"இப்படி ஒண்ண நான் கேட்டதே இல்ல அக்கா!" என்று அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கண்ணெல்லாம் வெளிச்சம். "குழுமத்துல சேந்த பதினேழு வருஷத்துல இப்படி ஒண்ணு வந்ததே இல்ல."

மல்லிகாவிடம் அவர் கேட்காத கேள்வி இல்லை. கீபோர்டுக்கு வயர் உண்டா? உண்டு என்றேன். எழுந்து எத்தனை அடி போனால் எழுத்து வருகிறது? வாசல் வரை என்றேன். வீட்டில் வேறு யாரும் அதில் அடித்துப் பார்த்தார்களா? வேறு யாரும் இல்லை என்றேன். அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "பாவம், தனியா இருக்காங்க போலிருக்கு" என்றார். நான் ஈரத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். ஈரத் துணியை யாராவது மடிப்பார்களா?

தனக்கு அந்தக் கோளாறு வரவேண்டும் என்று அவர் பாடுபட ஆரம்பித்தார். வந்தால்தானே காரணம் தெரியும். மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றினார், சுவர்ப் பக்கம் மாற்றினார். பழைய கீபோர்டு இரண்டு எங்கிருந்தோ கொண்டுவந்தார். உட்காருவார், அடிப்பார், எழுந்திருப்பார். வாசல் வரை நடந்து வந்து சட்டென்று திரும்பித் திரையைப் பார்ப்பார். மறுபடியும் போய் உட்காருவார். தினமும் இரண்டு மணி நேரம்.

"என்ன அக்கா, ஒங்க மாடிக்காரரு பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுதாரா?" என்று இசக்கியம்மா மதில் வழியாகக் கேட்டாள். "உக்காருதாரு, எந்திரிக்காரு, வாசலுக்கு வாராரு, பேய் நிக்க மாதிரித் திரும்பிப் பாக்காரு."

"ஏதோ வேல செய்தாரு. ஒனக்கு என்னட்டி?" என்று நான் சிடுசிடுத்தேன். நான் சிடுசிடுத்ததை அவள் பார்த்ததில்லை. உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள், அவர் மல்லிகாவுக்கு என்னவோ எழுதி அனுப்பின அதே நிமிஷத்தில் மறந்துபோய் என் இடுப்பில் செருகியிருந்த போன் மணி அடித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "செல்வியா இருக்கும்" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து போனை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுத்தான் மாடி ஏறினேன்.

பிறகு ஒரு சாயங்காலம் கதவைத் திறந்து, "அக்கா, நீங்க வந்து உக்காந்து அடிங்க. நான் நின்னு பாக்கேன்" என்றார். வேண்டாம் என்றேன். "ஒரே ஒரு எழுத்து. அந்த அம்மா பொம்பள. அவுக உக்காருத மாதிரி நான் உக்காரலியோ என்னமோ." பன்னிரண்டு வருஷத்தில் அன்றுதான் அந்த அறைக்குள் போனேன். பாய் சுருட்டி வைத்திருந்தது. சுவரில் ஒரு காலண்டர்கூட இல்லை. நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தேன். அவர் காட்டின இடத்தில் ஒரு விரலால் அமுக்கினேன். திரையில் 'அ' வந்தது.

"இப்பம் எந்திரிங்க."

எழுந்தேன். வாசல் வரை நடந்தேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். அந்த 'அ' அப்படியே இருந்தது. வேறொன்றும் வரவில்லை.

"ஒடனே வந்துட்டு" என்றார். நான் ஏதோ பரீட்சையில் தோற்றது மாதிரி இருந்தது அவர் முகம்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அண்ணாச்சி, அது நான்தான், அப்படி ஒரு கோளாறே உலகத்தில் கிடையாது என்று. இரண்டே அடி தூரம். வாயைத் திறந்தேன். "காப்பி கொண்டாரட்டா?" என்றுதான் வந்தது.

கீழே வந்ததும், சரியாகிவிட்டது, நன்றி, என்று போனில் சொல்லி அனுப்பினேன். இதோடு விட்டுவிடுவார் என்று எண்ணம். மறுநாள் படித்துக் காட்டினார். "எப்படிச் சரியாச்சுன்னு எழுதலியே அக்கா. பின்னால வாரவுகளுக்கு வேணும்லா." கேட்டு எழுதினார். தானாகச் சரியாகிவிட்டது என்றேன். அவர் தலையை ஆட்டினார். "தானாச் சரியாப் போனது தானாத் திரும்பி வரும். அந்த அம்மா சங்கடப்பட்டுக்கிட்டு முடிச்சுக்கிடுதாங்க. விட தெரியாம முழிக்கேனேன்னு எம்மேல எரக்கப்படுதாங்க."

மாடிப்படியில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. கால் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று தினம் சொன்னேன். "மல்லிகாம்மாவுக்கு முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்" என்று தினம் சொன்னார். மல்லிகா பேரில் போய், ஐயா விட்டுவிடுங்கள் என்று எழுதினேன். அதற்கும் பதில் எழுதினார். 'நீங்கள் கவலைப்படாதீர்கள். நான் விடமாட்டேன்.'

ஐப்பசியில் ஒரு நாள் பதினோரு படியாக ஒரு பதிலை எழுதி முடித்து என்னைக் கூப்பிட்டார். இத்தனை படியில் ஏதாவது ஒன்றில் சிக்கியே தீரும் என்றார். ஒவ்வொரு படிக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு படித்தார். நான் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

"புரியுதா அக்கா?"

"புரியுது அண்ணாச்சி."

இரண்டு நாள் கழித்து மத்தியானம் மரக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தவர் சாய்ந்துவிட்டார். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் தண்ணீர் கோத்திருக்கிறது, ஒரு மாதம் முந்தி வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். நாலாம் நாள் முடிந்துவிட்டது.

சாமான்களை எடுத்துப்போக அவருடைய தங்கை சிவகிரியிலிருந்து வந்தாள். ஐம்பது வயதிருக்கும். அண்ணனுடைய அதே மூக்கு. கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றிக் காரில் வைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"ஆச்சி, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். ஆஸ்பத்திரில நாலு நாளும் மல்லிகா மல்லிகான்னே சொல்லிட்டுக் கெடந்தான். மல்லிகாம்மாவுக்குச் சரியாச்சான்னு கேளுங்கன்னு நர்ஸு கையப் புடிச்சுக் கெஞ்சுதான். யாரு ஆச்சி அவ?"

நான் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

"ஊருக்குள்ள ஒரு மாதிரி பேசுதாக. கல்யாணம் வேண்டாம்னவன் ஒருத்திய வச்சிருந்திருக்கான்னு. எங்க வீட்டுக்காரரே சொல்லுதாரு. இங்கன யாரும் வந்து போவாளா?"

"யாரும் வரமாட்டாக தாயி."

"ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் போன் பண்ணினாள். "அவ ஒருவேள அங்கன தேடி வந்தா, நாளைக்கி சிவகிரிக்கு வரச் சொல்லுங்க ஆச்சி. திட்டணும்னு இல்ல. எங்கண்ணன் கடைசில ஒருத்திய நெனச்சுருக்கான். அவ மொகத்த ஒரு தடவ பாக்கணும்." சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் நான் சிவகிரிக்குப் போனேன். கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒவ்வொரு பொம்பளை வரும்போதும் அவள் எழுந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு இலையில் இரண்டாம் தடவை பாயசம் ஊற்றினாள். சொல்லாமலேயே பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மாடி அறையை நான் யாருக்கும் விடவில்லை. துணி காயப்போட மட்டும் போவேன். குழுமத்தை நடத்துகிறவர் அதை இன்னும் மூடவில்லை. மூடுவதாக ஒரு அறிவிப்பு மட்டும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் கடைசியில் அவருடைய பதினோரு படியும் இருக்கும். அதற்கு அடியில், அக்கா பார்த்தாச்சு.

போன மாசி மாதம் ஒரு காலையில் போன் மணி அடித்தது. அந்தச் சத்தம் குழுமத்துக்கு மட்டும் செல்வி வைத்துக் கொடுத்தது. கையில் மாவோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருத்தர் எழுதியிருந்தார். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன்.

'மல்லிகா அம்மாவுக்கு வணக்கம். எனக்கும் இதே பிரச்சினை. உட்கார்ந்து அடித்தால் எழுத்து வருவதில்லை. எழுந்து போனபிறகு வருகிறது. வீட்டில் சொன்னால் யாரும் நம்பவில்லை. போனில் கேட்டேன், அப்படி வர வாய்ப்பில்லை என்றது. எங்கே தேடியும் உங்கள் கேள்வி ஒன்றுதான் கிடைத்தது. படித்ததும் அழுதுவிட்டேன். பதினோரு படியும் செய்து பார்த்தேன், சரியாகவில்லை. உங்களுக்குச் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி என்று மட்டும் சொல்லுங்கள்.'

நாலு நாள் பதில் எழுதவில்லை. அந்த நாலு நாளும் மாடிக்குப் போகவில்லை. ஈரத் துணியை வீட்டுக்குள்ளேயே போட்டேன். ஐந்தாம் நாள் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேசி எழுத மனம் வரவில்லை. ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கினேன். மத்தியானம் ஆகிவிட்டது.

'நான் மல்லிகா இல்லை. அப்படி ஒரு ஆளே கிடையாது. எனக்குக் கம்ப்யூட்டர் இல்லை. பதில் சொல்கிறவருக்குக் கேள்வி இல்லாமல் இருந்தது. அதனால் நான் ஒரு கோளாறை இட்டுக்கட்டிச் சொன்னேன். அது நிஜம் என்று நம்பி அவர் தேடித் தேடி உடம்பைப் பார்க்காமல் செத்துப்போனார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. சரியாகிவிட்டது என்று எழுதினதும் பொய். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.'

அனுப்பினேன். அவரிடம் சொல்லாததை, அவர் தங்கையிடம் சொல்லாததை, முகம் தெரியாத ஒருத்தருக்கு எழுதிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டி எழுதினால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. திட்டு இல்லை. ஒரே வரி.

'அப்படியென்றால் இது எனக்கு மட்டும்தான் வருகிறதா அம்மா?'